அவசரம் லேது

மாதங்கிக்குத் தெலுங்கு வராது என்று யாராவது சொன்னால் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும். நாலு வருஷமாகத் திருமுல்கேரியில் குடியிருந்து, கீரைக்காரம்மாவோடும் சிலிண்டர்காரரோடும் அன்றாடம் மல்லுக்கட்டுகிறவளுக்கு வராமல் வேறு யாருக்கு வரும்? திருச்சியிலிருந்து மாற்றலாகி வந்த புதிதிலேயே அவள் கணவன் விஸ்வநாத் ஒரு சூத்திரம் கண்டுபிடித்துக் கொடுத்திருந்தான். "தமிழ் வார்த்தைக்குப் பின்னால ஒரு 'உ' போடு. இல்லைன்னு சொல்லணும்னா 'லேது' போடு. முடிஞ்சுது தெலுங்கு." அந்தச் சூத்திரம் அவளைக் காய்கறி வண்டிவரைக்கும் பத்திரமாகக் கூட்டிப்போனது. கான்க்ரீட்வரைக்கும் போனபோதுதான் காலை வாரிவிட்டது.

அவர்களுடைய ஒரே மகள் தாரிணிக்கு ஒன்பது வயது. பிறவியிலேயே அவளுக்கு வியர்க்காது. தோலில் வியர்வைச் சுரப்பிகளே இல்லை. பல்லும் நாலைந்துதான் முளைத்திருந்தது, அதுவும் கூர் கூராக. சிரிக்கும்போது கையால் வாயை மூடிக்கொள்வாள். பல் கிடக்கட்டும், கட்டிக்கொள்ளலாம். வெயில் ஏற ஏற அவள் உடம்பும் கூடவே ஏறும், இறங்கத் தெரியாது. அதற்கு மருந்து இல்லை. குளிர்ச்சியான இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்று எல்லா டாக்டர்களும் சொல்லிவைத்தாற்போல் சொன்னார்கள். ஹைதராபாத்தில், மே மாதத்தில், மொட்டை மாடிக்கு நேர் கீழே இருக்கிற மூன்றாம் மாடி வாடகை வீட்டில் குளிர்ச்சியான இடத்துக்கு எங்கே போவது? ஏ.சி. ஒன்றுதான் கதி.

போன மே மாதம் காலனி டிரான்ஸ்ஃபார்மர் வெடித்தது. பகல் பதினொரு மணிக்குப் போன கரண்ட் இருட்டும்வரை வரவில்லை. இன்வெர்ட்டர் மின்விசிறியைச் சுற்றும், ஏ.சி.யைத் தூக்காது. மாதங்கி பெரிய டப்பில் ஐஸைக் கொட்டி மகளை உட்காரவைத்தாள். ஐஸ் கரைந்ததும் மறுபடி ஐஸ் தேடி மூன்று மாடி இறங்கி ஓடினாள். திரும்பி வந்தபோது தாரிணிக்குக் கண் செருகியிருந்தது. கை கால் வெட்டி வெட்டி இழுத்தது. ஆஸ்பத்திரியில் நாலு நாள். "இன்னும் ஒரு அரை மணி நேரம் தாமதிச்சிருந்தா..." என்று ஆரம்பித்த டாக்டர், அவள் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார். முடிக்காமல் விட்ட அந்த வாக்கியம் அன்றிலிருந்து மாதங்கியைத் தூங்கவிடவில்லை.

அடுத்த மே மாதத்துக்குள் கரண்டை நம்பாத ஒரு வீடு வேண்டும். அவ்வளவுதான். வேறு எதுவும் அவள் மண்டையில் ஏறவில்லை. திருச்சி மனையை விற்று, ஊர் ஓரத்தில் யாப்ரால் தாண்டி நூற்றைம்பது கஜம் மனை வாங்கினார்கள். மாதங்கி கட்டட வரைபடம் வரைகிறவள். திருச்சிக் கம்பெனி ஒன்றுக்கு வீட்டில் இருந்தபடியே வரைந்து அனுப்புவாள். பத்து வருஷமாக ஊரார் வீட்டுக்கெல்லாம் கதவும் ஜன்னலும் வைத்துக்கொடுத்தவள் முதல்முறையாகத் தன் வீட்டுக்கு வரைய உட்கார்ந்தாள். பதினோரு தடவை வரைந்து பத்து தடவை கிழித்தாள்.

சின்ன பங்களா போலத் தனி வீடு, மாடி கிடையாது. வெயில் குறைவாகப் படுகிற வடகிழக்கு மூலையில் தாரிணியின் அறை, இரண்டு பெரிய ஜன்னல்களோடு. மேற்குப் பக்கம் குளியலறை, ஸ்டோர், அவற்றுக்கும் வெளியே மொட்டை மாடிக்குப் படிக்கட்டு. சாயங்கால வெயில் யாரை வேண்டுமானாலும் அடிக்கட்டும், மகளை அடிக்கக் கூடாது. சுவர்களில் செங்கல்லைப் படுக்கப் போடாமல் நிறுத்திவைத்து, நடுவில் காற்றுக்கு இடம் விட்டார்கள். எல்லாவற்றுக்கும் மேலே கூரை. வீட்டைச் சுடவைப்பது கூரைதான் என்று மாதங்கிக்குத் தெரியும். கம்பிகளைச் சதுரம் சதுரமாகக் கட்டி, ஒவ்வொரு சதுரத்துக்குள்ளும் ஒரு மண் சட்டியைக் கவிழ்த்து வைத்து, அதற்கு மேல் கான்க்ரீட் ஊற்றுவது என்று ஏற்பாடு. சட்டிக்குள் மாட்டிக்கொண்ட காற்று வெயிலை லேசில் கீழே விடாது. கூரைக் கணக்கைச் சரிபார்த்துக் கையெழுத்துப் போட்டவள் ஜெஸ்ஸி, இங்கே ரயில்வே காலனியில் பிறந்து வளர்ந்த தமிழ்ப்பெண், இன்ஜினீயர். அறுநூற்று நாற்பது சட்டிகளையும் மாதங்கி ஒவ்வொன்றாகச் சுண்டிப் பார்த்து வாங்கினாள். மேஸ்திரி எல்லய்யா சட்டிகளை வேப்பமரத்தடியில் அடுக்கிவைத்துவிட்டு, வீடா கட்டுகிறோம், கல்யாணத்துக்கா சமைக்கிறோம் என்று தெலுங்கில் ஏதோ சொல்லிச் சிரித்தார். நல்ல மனிதர். சொன்னதை அப்படியே செய்கிறவர். அதுதான் வினையாகப் போயிற்று.

சனிக்கிழமை கூரைக்கு ஸ்லாப் போடுவதென்று பேச்சு. ஜனவரி கடைசி வாரம் அது. செவ்வாய்க்கிழமை தாரிணிக்குக் காய்ச்சல் கண்டது. மற்ற குழந்தைகளுக்குக் காய்ச்சல் வியர்த்து விடும். அவளுக்கு எங்கே வியர்க்க? ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். புதன்கிழமை மத்தியானம் நர்ஸ் டிரிப்ஸ் பாட்டிலை மாற்றிக்கொண்டிருந்தபோது எல்லய்யாவின் போன் வந்தது.

"அம்மா, கம்பி பனி அய்போயிந்தி. குண்டலு பெட்டாலா?"

குண்டலு என்றால் சட்டி. கம்பி வேலை முடிந்தது, சட்டி வைக்கலாமா என்கிறார். அது மாதங்கிக்கு நன்றாகவே புரிந்தது. சட்டி வைக்கும்போது அவள் பக்கத்தில் நிற்க வேண்டும். ஒன்று சாய்ந்தாலும் போச்சு. அவசரத்துக்கு அண்டாவில்கூடக் கை நுழையாது என்பார்கள். இது சின்னச் சட்டி. நாளைக்குக் குழந்தையை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள், வெள்ளிக்கிழமை போய் நின்றுகொண்டால் ஆயிற்று.

"அவசரம் லேது, எல்லய்யாகாரு."

"அவசரம் லேதா?" அவர் குரலில் ஆச்சரியம்.

"லேது, லேது. அஸ்ஸலு அவசரம் லேது." கொஞ்சம்கூட அவசரமில்லை என்று அழுத்தம் கொடுக்க 'அஸ்ஸலு'வும் அவளுக்குத் தெரிந்திருந்தது.

"சரே அம்மா. மீ இஷ்டம்" என்று போனை வைத்தார். உங்கள் இஷ்டம் என்றதுகூட அவளுக்கு மரியாதையாகத்தான் பட்டது.

வியாழக்கிழமை காலையில் தாரிணியை வீட்டுக்கு அழைத்து வந்தாள். ரசஞ்சாதம் ஊட்டிக்கொண்டிருந்தபோது, பகல் ஒரு மணிக்கு, எல்லய்யா வாட்ஸாப்பில் ஒரு படம் அனுப்பினார். கூடவே இரண்டு கும்பிடு பொம்மைகள். படத்தில் கூரையின் முக்கால் பாகம் ஈரக் கான்க்ரீட்டாக வழவழவென்று மின்னியது. படத்தின் ஓரத்தில் வேப்பமரம். மரத்தடியில் அறுநூற்று நாற்பது சட்டிகளும் அடுக்கிவைத்தது அடுக்கிவைத்தபடி இருந்தன.

ரசஞ்சாதக் கிண்ணம் கைநழுவிக் கீழே விழுந்தது. எல்லய்யாவுக்குப் போன் போட்டாள். அடித்துக்கொண்டே இருந்தது, கலவை மிஷின் ஓடுகிற சத்தத்தில் அவருக்கு எங்கே கேட்கும்? விஸ்வநாத்தைக் கூப்பிட்டும் பயனில்லை. அவன் வேலைபார்க்கும் ஆராய்ச்சிக்கூடத்தில் போனை வாசல் கேட்டிலேயே பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஐந்தரைவரைக்கும் அவன் உலகத்திலேயே இல்லாத மாதிரிதான். குழந்தையை யாரிடம் விடுவது என்று யோசிக்கக்கூட நேரமில்லை. ஈரத்துண்டை அவள் தலையில் சுற்றி, தண்ணீர் தெளிக்கும் பாட்டிலைக் கையில் கொடுத்து, ஆட்டோவில் ஏற்றினாள்.

"பாயி, ஜல்தி... ஜல்தி போங்க!"

"கைக்கு டென்ஷன் லேரைன் அம்மா?" என்றார் ஆட்டோக்காரர் நிதானமாக. எதற்கு டென்ஷனாகிறாய் என்கிறார். அவரிடம் எதைச் சொல்வது? ஒவ்வொரு சிக்னலிலும் மாதங்கி எல்லய்யாவின் நம்பரையும் விஸ்வநாத்தின் நம்பரையும் மாற்றி மாற்றி அழுத்தினாள். கான்க்ரீட் ஒன்றரை மணி நேரத்தில் இறுக ஆரம்பித்துவிடும் என்று அவளுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தாலாவது நிம்மதியாக ஆட்டோவில் உட்கார்ந்து வந்திருப்பாள். முருகா, மிஷின் ரிப்பேராகட்டும், சிமெண்ட் தீரட்டும், என் மகள் அறையை மட்டும் தொடாமல் இருக்கட்டும் என்று வழிநெடுக வேண்டிக்கொண்டு வந்தாள்.

மிஷின் ரிப்பேராகவில்லை. மகளை வேப்பமர நிழலில் உட்காரவைத்துவிட்டு ஏணியில் ஏறினாள். தெருவிலிருந்து தூரமாக இருக்கும் மூலையில்தான் முதலில் ஊற்றுவார்கள், அதுதான் முறை. அந்த மூலைதான் தாரிணியின் அறை. காலை எட்டு மணிக்கே ஊற்றி, தேய்த்து, மேலே ஈரச் சாக்குகூட விரித்துவிட்டார்கள். அங்கிருந்து ஹால், சமையலறை, குளியலறை என்று எல்லாம் முடிந்து, ஆட்கள் கடைசி மூலைக்கு வந்திருந்தார்கள்.

"ஆப்பண்டி! நிறுத்துங்கய்யா!" என்று கத்தினாள். மிஷின் நின்றது. "சட்டி எங்கே? சட்டி வைக்காம எதுக்கு ஊத்தினீங்க?"

எல்லய்யா கொத்துக்கரண்டியோடு விழித்தார். "மீரே கதம்மா, அவசரம் லேது அன்னாரு!" நீங்கள்தானே சொன்னீர்கள் என்று அவளுக்குப் புரிந்தது. ஆமாம், அவசரமில்லை என்றுதான் சொன்னேன், அதற்கு ஏன் இவ்வளவு அவசரமாக ஊற்றினாய் என்று தமிழிலேயே கூச்சல் போட்டாள். அவரும் பதிலுக்கு மடமடவென்று பேசினார். அவர் பேசியதில் பாதிகூட அவளுக்கு விளங்கவில்லை. கீழே வேப்பமரத்தடியிலிருந்து, பள்ளிக்கூடத்தில் தெலுங்கு படிக்கிற தாரிணிதான் எழுந்து வந்து அண்ணாந்து பார்த்தாள்.

"அம்மா, தெலுங்குல அவசரம்னா நீட். வேணும்னு அர்த்தம். நீ வேண்டாம்னு சொல்லிட்ட." கொஞ்சம் தயங்கிவிட்டுச் சொன்னாள்: "ஹர்ரிக்குத் தொந்தரன்னு சொல்லணும். தொந்தர லேது."

மாதங்கி கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சட்டி தேவையில்லை. கொஞ்சம்கூடத் தேவையில்லை. அவர் இரண்டாம் முறை கேட்டபோதும் தேவையில்லை. போன வருஷம் இஸ்திரிக்காரரிடம் இதையேதான் சொன்னாள், மெதுவாகக் கொண்டுவாருங்கள் என்ற அர்த்தத்தில். அதற்கப்புறம் அவர் படியேறவே இல்லை. திமிர் பிடித்தவர் என்று முடிவு கட்டியிருந்தாள். யாருக்குத் திமிர்?

எல்லய்யா சொன்ன மிச்சத்தையும் தாரிணி சொன்னாள். சட்டி வேண்டாமென்றால் இரண்டு நாள் வேலை மிச்சம், அதனால் மிஷினை முன்னாலேயே வரவழைத்தாராம். பாப்பாவுக்குச் சீக்கிரம் வீடு முடியட்டுமே என்று நினைத்தாராம். திட்டுவதற்குக்கூட ஆள் இல்லாமல் போயிற்று.

அவள் ஓடிப்போய் மகள் அறைக்கு மேலே மண்டியிட்டாள். சாக்கைத் தூக்கி எறிந்தாள். பத்து விரலையும் விட்டுத் தோண்டினாள். மேலே ஒரு விரல் கனத்துக்கு வந்தது; அதற்குக் கீழே இறுகியிருந்தது. நகம் பிய்ந்தது. "வத்தம்மா, வத்து!" என்று எல்லய்யா அவள் கையைப் பிடித்து இழுத்தார். உதறிவிட்டு மறுபடி தோண்டினாள். அவர் வேறு வழியில்லாமல் அவள் பையிலிருந்த போனை எடுத்து நீட்டினார். ஜெஸ்ஸியின் நம்பரை ரத்தமும் சிமெண்டுமாக அழுத்தினாள்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஜெஸ்ஸி சொன்னாள்: "அக்கா, முதல்ல கையை எடுங்க. செட் ஆகிட்டிருக்கிறதை நோண்டினா உள்ளுக்குள்ள விரிசல் விட்டுடும். அதுக்குக் கீழ யார் படுக்கப்போறா, யோசிச்சுப் பாருங்க."

"அப்ப மேல அடுக்கறேன். ஸ்லாப்புக்கு மேல சட்டியைக் கவுத்து, சுண்ணாம்பு போட்டு..."

"முடியாதுக்கா. சட்டி உள்ள இருக்கும், கூரை லேசா இருக்கும்னு வெச்சுத்தானே கம்பியைக் குறைச்சோம்? இப்ப முழுக்க கான்க்ரீட். அது தன்னைத் தானே தாங்கிக்கும். மேல ஒரு தண்ணி டேங்க்கூட ஏத்தாதீங்க."

"இடிச்சுட்டா?"

"இடிச்சு, மறுபடி முட்டுக் கொடுத்து, ஊத்தி, காயவெச்சு..." ஜெஸ்ஸி கணக்குப் போட்டாள். "ஜூன் ஆகிடும் அக்கா."

மாதங்கி அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். மே மாதம் ஜூனுக்கு முன்னால் வருகிறது. அதை யாரும் மாற்ற முடியாது. டிரான்ஸ்ஃபார்மர் செய்யாததை என் வாயே செய்துவிட்டதே என்று நினைத்தாள். செத்துப்போனால் தேவலை என்று இருந்தது. செத்தால் குழந்தைக்கு ஐஸ் கொண்டுவர யார் இருக்கிறார்கள் என்றும் இருந்தது. கூலியாட்கள் சட்டென்று வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்கள். அவள் வாய்விட்டு அழுதது தெருமுனைவரைக்கும் கேட்டது.

எல்லய்யா கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார். மிஷினுக்குள் கலந்துவைத்த மால் கிடக்கிறது, கட்டியாகிவிடும். "அம்மா, ஸ்டோர் ஒக்கட்டே மிகிலிந்தி. போசேதா?" என்று மெதுவாகக் கேட்டார். ஸ்டோர் ஒன்றுதான் பாக்கி, ஊற்றிவிடவா?

ஊற்றித் தொலையுங்கள் என்று கையை ஆட்டப்போனவள், அந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். ஒன்பதுக்கு எட்டு. கம்பிச் சதுரங்கள் காலியாக இருந்தன. பதினோரு வரைபடத்திலும் அவள் அந்த அறையைப் பற்றி அரை நிமிஷம்கூட யோசித்ததில்லை. ஸ்டோர் என்று எழுதி, அரிசி டிரம்முக்கும் பழைய சூட்கேஸுக்கும் ஒதுக்கியதோடு சரி. இப்போது வரைகிறவளின் கண் தானாகவே அளந்தது. மேற்கே படிக்கட்டு, வெயில் முதலில் அதைத் தாண்ட வேண்டும். தெற்கே குளியலறை. கிழக்கே ஹால். வடக்கே வேப்பமர நிழல். வெயில் அந்த அறையைத் தொட வேண்டுமென்றால் கூரை ஒன்றுதான் வழி. வீட்டிலேயே குளிர்ச்சியான இடத்தை அவள் தன் கையாலேயே அரிசி டிரம்முக்குக் கொடுத்திருந்தாள்.

எழுந்தாள். "சட்டி கொண்டாங்க! சட்டி, குண்டலு! எல்லாரும் வாங்க!"

எல்லய்யாவுக்கு அவள் புத்தி பேதலித்துவிட்டதோ என்று சந்தேகம். மால் இறுகிக்கொண்டிருக்கிறது, இவளானால் மூட்டை போடுகிற அறைக்குச் சட்டி வைக்கச் சொல்கிறாள். "ஸ்டோர்கா? அவசரமா அம்மா?" என்று இழுத்தார்.

மாதங்கி சிமெண்டு அப்பிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவசரம். மீ பாஷலோ அவசரம்," என்றாள். "மா பாஷலோகூட அவசரம்." வேண்டியதும் அதுதான், உடனே வேண்டியதும் அதுதான்.

 அவர் ஏணியில் தடதடவென்று இறங்கித் தானே முதல் சட்டியைத் தூக்கினார். கைமாற்றிக் கைமாற்றிச் சட்டிகள் மேலே வந்தன. மாதங்கி கம்பிகளின்மேல் குந்தி ஒவ்வொன்றையும் கவிழ்த்து வைத்தாள். ஒவ்வொரு சட்டிக்கும் ஒரு சதுரம், அளவு கச்சிதமாக இருந்தது. கீழிருந்து தாரிணி எண்ணினாள். நாற்பத்திரண்டுக்கு மேல் இடமில்லை. மிச்சம் ஐந்நூற்றுத் தொண்ணூற்றெட்டும் மரத்தடியிலேயே நின்றன. மால் இறுக ஆரம்பித்துக் கெட்டியாகத்தான் வந்தது. எல்லய்யா ஒரு கழியால் குத்திக் குத்திச் சட்டிகளைச் சுற்றி இறக்கினார். எல்லாம் முடிந்து அவள் கீழே இறங்கியபோது சிமெண்ட் அரித்து உள்ளங்கைத் தோல் வெந்து உரிந்திருந்தது. ஐந்தரை மணிக்கு விஸ்வநாத் முப்பத்தாறு தவறிய அழைப்புகளைப் பார்த்துவிட்டு அலறிக்கொண்டு போன் செய்தான். என்ன ஆச்சு என்று கேட்டான். "நம்ம தெலுங்கு ஆச்சு" என்றாள்.

மே மாதம் இரண்டாம் வாரம், ஞாயிற்றுக்கிழமை, புது வீட்டில் முதல் பெரிய கரண்ட் கட். பகல் பன்னிரண்டுக்குப் போனது. மூன்று பேரும் ஸ்டோருக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்கள். ஒரு கட்டில் போக, இரண்டு பேர் கால் மடக்கி உட்கார இடம் இருந்தது. கூரையில் நாற்பத்திரண்டு சட்டிகளின் வாய்கள் வட்ட வட்டமாகத் தெரிந்தன. பத்தடி தள்ளி, இரண்டு ஜன்னல் வைத்த தாரிணியின் சொந்த அறையில் தெர்மாமீட்டர் நாற்பது காட்டியது. இங்கே முப்பத்திரண்டு. விஸ்வநாத் ஈரத்துணியால் மகள் காலைத் துடைத்துக்கொண்டே இருந்தான். மாதங்கி பத்து நிமிஷத்துக்கு ஒருதரம் அவள் கழுத்தைத் தொட்டுப் பார்த்தாள். முப்பத்திமூன்று ஆனது. இந்த மே போனால் அடுத்த மே வரும், அதற்கடுத்ததும் வரும். இந்தப் பெண் வளர்ந்து பெரியவளானாலும் ஒன்பதுக்கு எட்டில்தான் கோடையைக் கழிக்க வேண்டும். மாதங்கி தெர்மாமீட்டரைத் திரும்பவும் பார்த்தாள். முப்பத்திமூன்றிலேயே நின்றது.

ஐந்து மணி இருக்கும். போன வருஷம் இதே நேரத்துக்குத் தாரிணி ஆஸ்பத்திரிக் கட்டிலில் நினைவில்லாமல் கிடந்தாள். இப்போது புரண்டு படுத்து, "அம்மா, ஆகலி" என்றாள்.

பசிக்கிறது என்கிறாள். மாதங்கி துள்ளி எழுந்ததில் முழங்கால் கட்டிலில் இடித்தது. "இதோ, இதோ வந்துட்டேன் கண்ணு, ரெண்டு நிமிஷம்..."

"தொந்தர லேது அம்மா" என்றாள் தாரிணி. அம்மாவுக்குப் புரிந்ததா என்று பார்த்துவிட்டு, வாயை மூடாமல் சிரித்தாள்.

சமையலறை அனலாகக் கொதித்தது. மாதங்கி கல்லைப் போட்டு மாவை ஊற்றினாள். உடம்பெல்லாம் வியர்த்து, ஜாக்கெட் முதுகோடு ஒட்டிக்கொண்டது. முகத்தில் ஓடியது வியர்வையா கண்ணீரா என்று அவளுக்கே தெரியவில்லை. முதல் தோசை தீய்ந்துவிட்டது. அடுத்ததை நன்றாக வார்த்து எடுத்துக்கொண்டு ஸ்டோருக்கு ஓடினாள்.